அடுப்பு இடிந்த மறுநாள்

அடுப்பு இடிந்து விழுந்ததற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? பன்னக்கா சந்தோஷப்பட்டாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பேக்கரியில் கடைசி ஈடு ரஸ்க்கை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அடுப்பு வாய் வளைவின் நடுச்செங்கல் டொப்பென்று ட்ரேயில் விழுந்தது. மாஸ்டர் ஒரு எட்டு பின்னால் வைப்பதற்குள் இன்னும் நாலைந்து கற்கள் சரிந்து, முகப்பு பொக்கை வாயாகிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ரஸ்க்தான் போயிற்று. மாஸ்டர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய தம்பி தூசிக்குள்ளிருந்து ஒரு ரஸ்க்கை எடுத்து, ஊதி, கடித்துப் பார்த்து, "பதம் சரியாத்தாண்ணே வந்திருக்கு" என்றான்.

"மூடுடா வாய" என்றார் மாஸ்டர்.

கொத்தனார் வந்தார். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்த தலையில் பாதி கரி.

"சாயங்காலத்துக்குள்ள வளைவக் கட்டிக் குடுத்துடறேன் மாஸ்டர். ஆனா நாளைக்கு ஒரு பயலும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. நல்லா காயணும். நாளன்னிக்கு மத்தியானம் நானே வந்து சின்னதா தீ போட்டுக் காட்டறேன். அப்புறம் உங்க பாடு."

"நாளைக்கு முழுக்கவா?" என்றார் மாஸ்டர்.

"நாளைக்கு முழுக்கவா?" என்றாள் பன்னக்கா.

கேள்வி ஒன்றுதான். மாஸ்டர் கேட்டது இழவு வீட்டுக் குரலில். அவள் கேட்ட குரலுக்குக் கொத்தனாரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிற அந்த பேக்கரியை விட்டால் அந்த ஊருக்கு வேறு பேக்கரி கிடையாது. அடுப்பைப் பார்த்துக்கொள்வது மாஸ்டர். மாவு பிசைவது அவர் தம்பி. சட்டென்று பொங்கி சட்டென்று அடங்குகிற ஆள் என்பதால் அவனுக்கு சோடா என்று பெயர். கல்லாவில் நின்று பன் எடுத்துக் கொடுக்கிற மாஸ்டரின் மனைவியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பன்னக்கா என்று கூப்பிடப்போய், இப்போது பள்ளிக்கூட வாத்தியார்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். தோள் உயரத்துக்கு வளர்ந்த பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான்.

பேக்கரி வீட்டின் நாள் தலைகீழ் நாள். ஊர் புரண்டு படுக்கிற நேரத்தில் இவர்கள் எழுந்து மாவு பிசைவார்கள். ஊர் எழுந்திருக்கும்போது ரொட்டி வெந்து ஆறியிருக்கும். ஊர் விளக்குப் போடும்போது இந்த வீட்டில் நாலு பேரும் குறட்டை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பில் எடுத்த படத்தில் நாலு பேருமே கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். அது படம் எடுத்தவன் தப்பு என்று மாஸ்டர் இன்றுவரை சாதிக்கிறார்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் தலைநகரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அந்த வாரம் பார்த்து சோடா கையைச் சுட்டுக்கொண்டான். பன் கட்ட ஆள் இல்லை. "நான் போகலம்மா" என்று பாப்பாவே சொல்லிவிட்டாள். போய் வந்த பெண்களுக்கு அதன் பிறகு கோட்டைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. இருட்டியதும் அந்தப் பழைய கோட்டைச் சுவர் முழுக்க விளக்குப் போட்டு, குரலும் சத்தமுமாக அங்கே நடந்த சண்டையைக் காட்டுகிறார்களாம். கடைக்கு வரும்போதும் அதே பேச்சு. ஒருநாள் பாப்பா பன் பொட்டலம் கட்டிக்கொண்டே ஏதோ கேட்டதற்கு ஒருத்தி, "நீ பாக்கலல்ல? பாத்தாதான் புரியும், விடு" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பாப்பா சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து பன்னக்காவுக்கு வயிற்றுக்குள் ஒரு கல் கிடந்தது. என்றைக்காவது ஒருநாள் இவளைக் கூட்டிப்போய் அந்த வெளிச்சத்தைக் காட்டிவிட வேண்டும். அடுப்பு அணைந்தால்தானே? அது அணைந்ததே இல்லை. இப்போது தானாகவே இடிந்து விழுந்திருக்கிறது.

"ஏங்க, சனி ஞாயிறு பாப்பாவுக்கும் லீவு. நாளைக்குத் தலைநகரம் போறோம்" என்றாள்.

"அங்க என்ன இருக்கு? எல்லாம் கல்லு."

"இங்கயும் கல்லுதான் விழுந்து கெடக்கு. அதப் பாத்துக்கிட்டு நாள் முழுக்க உக்காந்திருப்பீங்களா?"

மாஸ்டர் யோசித்தார். அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்பது அவருக்கே தெரியும்.

"அண்ணி, அந்தக் கோட்டைக் காட்சி எப்ப?" என்றான் சோடா.

"இருட்டினப்புறம்."

"இருட்டினப்புறமா? நாம முழிச்சிருப்போமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பன்னக்காவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அது சிரிப்பாக இல்லை.

*

அலாரம் வைக்கவில்லை. வழக்கமாக மாவில் கை வைக்கிற நேரத்துக்கு நாலு பேருக்கும் தானாக விழிப்பு வந்தது. ஏறியது முதல் பேருந்தில். அதில் ஏறிய மற்றவர்கள் உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார்கள். இவர்களுக்கு அது சுறுசுறுப்பான வேளை. சோடா கதை சொன்னான், பாப்பா கெக்கெக்கே என்று சிரித்தாள், மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத இருட்டைக் காட்டி அது இந்த ஊர், இது அந்த ஊர் என்றார். முன் இருக்கையில் இருந்தவர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கொஞ்சம் தூங்க விடுங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்றார். ஐந்து நிமிஷம் அமைதியாக இருந்தார்கள். அப்புறம் மாஸ்டரே ஆரம்பித்துவிட்டார்.

தலைநகரத்தில் போய் இறங்கியபோது இன்னும் வெளுக்கவில்லை. தெருவிளக்குகளின் கீழே அகலம் அகலமான சாலைகள் ஆளில்லாமல் கிடந்தன. விசாரித்து விசாரித்து மியூசியத்தின் பெரிய இரும்புக் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே கூண்டுக்குள் காவலாளி கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்பங்க திறப்பீங்க?" என்றார் மாஸ்டர்.

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்கா!" மாஸ்டர் ஆடிப்போய்விட்டார். "பத்து மணின்னா பாதி நாள் போச்சே! அதுவரைக்கும் இந்த ஊர்ல எல்லாரும் என்னதான் பண்ணுவாங்க?"

"தூங்குவாங்க சார்" என்றார் காவலாளி. தானும் அதைத்தான் செய்துகொண்டிருந்ததாக அவர் குரல் சொன்னது.

தலைநகரத்துக்கு வருகிறவர்கள் செய்கிற தப்புகள் எத்தனையோ இருக்கலாம். தங்களுக்கு விடிந்துவிட்டதால் ஊருக்கும் விடிந்திருக்கும் என்று நம்பி வந்து நிற்பதை பேக்கரிக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். பன்னக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. மதியம் கிளம்பி வந்திருக்கலாம். காலையெல்லாம் தூங்கிவிட்டுப் புதுசாக வந்திருக்கலாம். மூளைக்கு அது தோன்றவே இல்லையே!

ஆனால் பாப்பா அதற்குள் எதிரே இருந்த சதுக்கத்துக்கு ஓடிவிட்டாள். நடுவில் வெற்றித் தூண். கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் உச்சி தெரியாத உயரம். அடியில் நாலு மூலைக்கு நாலு கல் சிங்கம். பகல் என்றால் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்க வேண்டுமாம். இப்போது ஒரு ஈ காக்கை இல்லை. பாப்பா ஒரு சிங்கத்தின் மேல் ஏறினாள். சோடா இன்னொன்றின் மேல் ஏறினான். யாருடைய சிங்கம் முன்னால் போகிறது என்று இரண்டு பேருக்கும் சண்டை. மாஸ்டர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாவதில் ஏறினார்.

"இறங்குங்க, யாராவது பாத்தா என்ன ஆகும்!" என்றாள் பன்னக்கா.

"பாக்கத்தான் யாருமில்லையே. பத்து மணி வரைக்கும் ஊரு நம்மளுது. நாலாவது சும்மாதான நிக்குது, ஏறு!"

ஏறினாள். கல் ஜில்லென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கோ யாரோ விசையைத் திருப்ப, சதுக்கத்து நீரூற்று புஸ்ஸென்று கிளம்பி நாலு பேரையும் நனைத்தது. பாப்பா போட்ட கூச்சலில் புறாக்கள் மொத்தமும் எழுந்து பறந்தன. மகள் இப்படி வாய் விட்டுக் கத்தி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள் பன்னக்கா. ஞாபகம் வரவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கும் தலைகால் புரியவில்லை. குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வந்த அம்மாள் ஒருத்தி நின்று பார்த்து, "ஊருக்குப் புதுசா?" என்றாள். "ஆமாங்க" என்று நாலு சிங்கத்தின் மேலிருந்தும் பதில் வந்தது.

ஈரத் துணியோடு நடக்கும்போது முதலில் மூக்கைத் தூக்கியது சோடா. பிறகு மாஸ்டர்.

"ஏங்க, வேணாம்" என்றாள் பன்னக்கா. அவளுக்கும் மூக்கு இருக்கிறதே.

"சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் சந்துக்குள் திரும்பிவிட்டார்.

சந்தின் நடுவில், தலைநகரத்திலேயே அந்த நேரத்தில் விளக்கு எரிந்த ஒரே கட்டடம் இருந்தது. பேக்கரி. வாசலில் வெள்ளைத் தொப்பி வைத்த கனத்த மனிதர் ஒருவர் ட்ரே அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கடை இன்னும் திறக்கலீங்க. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா பாக்கத்தான் வந்தோம்."

"எத?"

"அடுப்ப" என்றார் மாஸ்டர்.

தொப்பிக்காரர் ஒரு கணம் முழித்தார். மாஸ்டரின் முன்னங்கையில் வரிவரியாக இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார். அப்புறம் தன் கையை நீட்டிக் காட்டினார். அதே வரிகள். "உள்ள வாங்க, உள்ள வாங்க!"

அடுப்பு ஆள் உயர இரும்பு அலமாரியாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் ட்ரேக்கள் தாமாகவே மெதுவாகச் சுற்றின. மாவு பிசைய இயந்திரம். மாஸ்டர் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். "எரியவே மாட்டேங்குது, ஆனா வேகுதே" என்று மூன்று தரம் சொன்னார். அன்றைக்குப் பார்த்து அங்கே ஒரு ஆள் வேலைக்கு வரவில்லை. சோடா சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பன் உருட்ட உட்கார்ந்துவிட்டான். மாஸ்டர் ட்ரே மாற்ற ஆரம்பித்தார். பன்னக்கா திரும்பிப் பார்த்தால் பாப்பா பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதைவிட வேடிக்கை, பன்னக்காவின் கையிலும் நூல்கண்டு இருந்தது. யார் கொடுத்தார்கள், எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை.

"ஐயையோ!" நூல்கண்டைக் கீழே வைத்தாள். "ஊர் விட்டு ஊர் வந்து பன் கட்டிக்கிட்டிருக்கோம்! கிளம்புங்க எல்லாரும்!"

"இந்த ஒரு ஈடு மட்டும் அண்ணி…"

"பேசினா உங்கள இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்!"

கிளம்பும்போது தொப்பிக்காரர் சூடான பன் ஒரு பை நிறையக் கொடுத்தார். மியூசியத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றார்கள். "நம்ம பன்னுக்கு ஈடாகாது" என்று முதலில் சொன்ன மாஸ்டர், மூன்றாவதைப் பிய்க்கும்போது, "நல்லாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார்.

*

மியூசியம் ஒரு கடல். நுழைந்ததுமே கூரையிலிருந்து திமிங்கல எலும்புக்கூடு தொங்கியது.

"இது வாய்க்குள்ள நம்ம அடுப்பே போயிடும் போலயே" என்றான் சோடா.

"இடிஞ்சதா, இடியாததா?" என்றாள் பாப்பா. மாஸ்டரே சிரித்துவிட்டார்.

ராஜாவின் ரதம், ராணியின் செருப்பு, பூட்டே ஆள் கனம் இருக்கிற கஜானாப் பெட்டி, ஒரு தரம்கூடச் சரியாக ஓடாத அழகான கடிகாரம். பாப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று எழுதியிருந்ததை வாய் விட்டுப் படித்தாள். பன்னக்கா தலையாட்டிக்கொண்டே வந்தாள். அவள் மனம் முழுக்க சாயங்காலத்தில் இருந்தது. மதியம் தாண்டியதும் அவள் பயந்தது நடக்க ஆரம்பித்தது. முதல் கொட்டாவி சோடா விட்டது. அது ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டு வந்தது. ராஜாவின் கட்டில் அறையில், கயிறு கட்டிய அந்தப் பட்டு மெத்தையை நாலு பேரும் வேறு எதையும் பார்க்காத ஆசையோடு பார்த்தார்கள்.

"எவ்வளவு பெரிய மெத்த! இதுல நாலு பேர் தாராளமா…" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"நகருங்க" என்றாள் பன்னக்கா.

பாப்பாவின் கண் சிவந்துவிட்டது. இப்படியே போனால் இருட்டுவதற்குள் சுருண்டுவிடுவாள். பன்னக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். கூடத்து மூலையில் நீளமான பெஞ்சு ஒன்று கிடந்தது. அதில் போய் உட்கார்ந்து மடியைத் தட்டினாள்.

"பாப்பா, வா. படு."

"இங்கயாம்மா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இதுவும் காட்சிக்கு வெச்சதுன்னு நெனச்சுக்குவாங்க. இப்ப தூங்கினாத்தான் ராத்திரி முழிச்சிருக்க முடியும்." ஆண்கள் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஆளுக்கொரு மூலையில கண்ணசருங்க."

"டிக்கெட் வாங்கி உள்ள வந்து தூங்கறதா? நல்லாருக்கே கதை!" என்று மாஸ்டர் பழைய இயந்திரங்கள் இருக்கிற பக்கம் போனார். சோடா வாள்களைப் பார்க்கப் போனான்.

படுத்த மாத்திரத்தில் பாப்பா தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சீருடை போட்ட காவல்காரப் பெண் ஒருத்தி வந்தாள்.

"அம்மா, இங்க படுக்கக் கூடாதுங்க."

"தெரியுங்க. கொஞ்ச நேரம் மட்டும் விட்டுடுங்க. நாங்க பேக்கரிக்காரங்க, இருட்டினா கண்ணு தானா மூடிக்கும். இவளுக்கு அந்தக் கோட்டை வெளிச்சத்தக் காட்டணும். போன வருஷமே பாத்திருக்க வேண்டியது. விட்டா இனி எப்பவோ."

காவல்காரி பாப்பாவைப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்து வந்து, பெஞ்சு வெளியே தெரியாதபடி குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்கும் ராத்திரி ஷிப்ட்தான். அவர் முழிச்ச முகத்தப் பாத்து வருஷக்கணக்காச்சு" என்றாள். "நீங்களும் சாஞ்சுக்கங்க. எங்க ஆபீசர் வந்தா எழுப்பறேன்."

"நான் தூங்கினா மடி சரிஞ்சுடும். இவ விழுந்துடுவா."

"கிரீடம் பாத்துட்டீங்களா? அடுத்த ரூம்தான். சீக்கிரம் மூடிடுவாங்களே."

பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அந்தக் கிரீடத்தின் படத்தைத் தடவித் தடவித் தேய்த்தவள் பன்னக்கா. மடியில் கிடந்த தலையைப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள். அந்த அறைக்குள்ளிருந்து வெளியே வருகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு வந்தார்கள். நல்ல கிரீடமாகத்தான் இருக்க வேண்டும். தூக்கம் வந்து கண்ணைக் கட்டும்போதெல்லாம் உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டாள். அறையைப் பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பாப்பாவை எழுப்பினாள்.

*

கோட்டை நேரில் இன்னும் பெரிதாக இருந்தது. எதிரே ஒரு புல்வெளி. குடும்பம் குடும்பமாக ஜனம் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. பாப்பா குட்டி போட்ட பூனை மாதிரி அங்கும் இங்கும் போய், சுவர் முழுதாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் பிடித்தாள். அவள் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருந்தது. பன்னக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க நிறைந்தது.

மற்ற இரண்டு பேர் நிலைமை மோசம்.

"அண்ணே, நான் உங்களக் கிள்ளறேன், நீங்க என்னக் கிள்ளுங்க. மாத்தி மாத்தி."

"சரிடா."

சோடா கிள்ளினான். மாஸ்டர் கிள்ளினார். சோடா மறுபடி கிள்ளக் கை நீட்டி, நீட்டிய கையை அண்ணன் தொடையிலேயே வைத்தபடி தூங்கிப்போனான்.

"ஏங்க, தூங்கறீங்களா?"

"இல்ல. கண்ண மட்டும் மூடியிருக்கேன்" என்றார் மாஸ்டர். அடுத்து வந்தது குறட்டை.

பன்னக்கா எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினாள். வந்து நின்றபடியே இருந்தாள். பின்னால் இருந்தவர்கள், "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார்கள். உட்கார்ந்து விரலைக் கடித்தாள். மேற்கே வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "இதோ ஆரம்பிச்சுடுவாங்கம்மா, இதோ!" என்று பாப்பா அவள் கையைப் பிடித்து நசுக்கினாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று பன்னக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவரில் முதல் விளக்கு எரிந்ததைப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகம். அது ஏதாவது நட்சத்திரமாகவும் இருந்திருக்கலாம்.

விளக்குமாற்றுச் சத்தம் கேட்டுத்தான் விழித்தாள். புல்வெளி காலி. யாரோ குப்பை கூட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டை இருட்டாக நின்றது. மாஸ்டரும் சோடாவும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். பன்னக்கா பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"போச்சு! பாப்பா! எல்லாம் போச்சே! உன்னையும் சேத்துக் கெடுத்துட்டேனே பாவி!"

"அம்மா! நான் பாத்தேம்மா!"

பாப்பா பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் பளபளவென்று இருந்தது.

"பாத்தியா? முழுசாவா?"

"முழுசா! ஒரு கொட்டாவிகூட விடல! அம்மா, அந்தக் கதவு இருக்குல்ல…"

பன்னக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். கூட்டிக்கொண்டிருந்தவர் நின்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். வயிற்றில் கிடந்த கல் போன இடம் தெரியவில்லை.

"என்ன ஏன்டி எழுப்பல?"

"எழுப்பாமலா? ரெண்டு கையாலயும் உலுக்குனேன். 'மாவு பொங்கிடுச்சா'ன்னு கேட்ட. 'இல்லம்மா, விளக்கு போட்டாச்சு'ன்னேன். 'அப்ப ஈரத் துணியப் போட்டு மூடு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்ட."

மாஸ்டர் எழுந்ததும், தான் எல்லாவற்றையும் பார்த்ததாகச் சாதித்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "செவப்பா ஒண்ணு வந்துச்சு" என்றார். கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் பன்னக்கா மகள் பக்கம் திரும்பி, "ஒண்ணு விடாம சொல்லு" என்றாள். பாப்பா சொல்ல ஆரம்பித்தாள். கோட்டைக் கதவு வரைக்கும் பன்னக்காவுக்குக் கேட்டது. அதற்கப்புறம் கண் விழித்தது ஊரில்தான்.

*

மறுநாள் மத்தியானம் கொத்தனார் வந்து, புது வளைவுக்கு அடியில் சுள்ளியும் மரச்சீவலும் வைத்துச் சின்னதாகத் தீ மூட்டினார். மாஸ்டரும் சோடாவும் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். பன்னக்கா கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கே தன்னைப் புரியவில்லை. மகள் பார்த்துவிட்டாள். அதற்குத்தானே போனது? அப்புறம் என்ன குறை? மகளுக்குக் கிடைத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். போதவில்லை. அவளுக்கும் பார்க்க வேண்டும் போல் இருந்திருக்கிறது. கிரீடமும் போயிற்று, கோட்டையும் போயிற்று. காலையிலிருந்து, "அப்புறம் என்னடி ஆச்சு?" என்று பாப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாப்பாவும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

பாப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். தீ பிடித்து ஏற ஏற, புதுச் செங்கல் வளைவு உள்ளிருந்து சிவந்து தெரிந்தது. திடீரென்று வாசலுக்கு ஓடி ஷட்டரை இழுத்து மூடினாள். ஜன்னலைச் சாத்தினாள். பல்பை அணைத்தாள். கடைக்குள் அடுப்பு வாயைத் தவிர எல்லாம் இருட்டு.

"ஏய், என்ன பண்ற?" என்றார் மாஸ்டர்.

"எல்லாரும் மூட்ட மேல உக்காருங்க. அம்மா, நீ நடுவுல. யாரும் பேசக் கூடாது. அம்மா, அந்த வளைவு இருக்கே, அதுதான் கோட்டைக் கதவு. இதே மாதிரிதான். இதே மாதிரிதான் முதல்ல செவப்பா வந்துச்சு."

பன்னக்கா நடுமூட்டையில் உட்கார்ந்தாள்.

"தூரத்துல குதிர வருது. சித்தப்பா, குதிர!"

சோடா காலி ட்ரேயைக் கவிழ்த்து விரலால் தட்டினான். டக டக, டக டக. முதலில் மெதுவாக, பிறகு கிட்டே வருகிற மாதிரி. தொழில் தெரிந்த விரல்கள்.

"எதிரிங்க கதவுக்குத் தீ வெச்சுட்டாங்க!" பாப்பா ஒரு பிடி மரச்சீவலை உள்ளே எறிந்தாள். குப்பென்று மஞ்சளாக எழுந்தது. சுவர் முழுக்க நிழல்கள் ஆடின. "ஐயோ, மெதுவா, ஈரம் காயல!" என்று கொத்தனார் கையை நீட்ட, "ஸ்ஸ்!" என்றார் மாஸ்டர். அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எல்லாரும் பயந்து ஓடறாங்க. அப்ப ஒரு சத்தம். எல்லாம் அப்படியே நின்னு போச்சு." சோடாவின் விரல் நின்றது. "இங்க நீல வெளிச்சம் வரும்மா. சுவர் முழுக்க. நீலத்துக்கு நான் எங்க போறது?"

"நீலம்னு நெனச்சுக்கறேன். நீ சொல்லு" என்றாள் பன்னக்கா. நெருப்பை விட்டு அவள் கண் நகரவில்லை. கண்ணில் நீர் நிறைந்து எல்லாம் கலங்கித் தெரிந்ததில், ஏதோ ஒரு ஓரத்தில் அவளுக்கு நீலமும் தெரிந்தது. தூக்கம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ராணி சொல்றா, கதவ யாரும் உடைக்க வேணாம், நானே…"

ஷட்டரை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"பன்னக்கா! கடை இல்லியா? பன் வேணும்!"

பள்ளிக்கூடத்துப் பெண்கள். இரண்டு மூன்று குரல். அதில் ஒரு குரலைப் பன்னக்காவுக்கு நன்றாகவே தெரியும். பாப்பா பாதியில் நின்று அம்மாவைப் பார்த்தாள்.

பன்னக்கா எழுந்து போய் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாள். தலையைக் கீழே விட்டு, வெளியே நின்றவர்களைப் பார்த்தாள்.

"பன்னெல்லாம் நாளைக்கு. உள்ள காட்சி நடக்குது."

"என்ன காட்சிக்கா?"

"பாத்தாதான் புரியும். குனிஞ்சு வாங்கடி, சீக்கிரம். சத்தம் போடாம அந்த மூட்டை மேல உக்காருங்க. ராணி வெளிய வரப்போறா!"